அத்தை டுரியான் தின்ற நாள்

நாற்றத்துக்கு அசராத ஊர் ஆம்பூர். நான் பிறந்து வளர்ந்த தெருவின் கோடியில் தோல் கிடங்கு இருந்தது. பச்சைத் தோல்கள் சுண்ணாம்புக் குழியில் ஊறும் வாடைதான் காலையில் எங்களை எழுப்பும். வெளியூர் உறவினர் யாராவது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறினால் அம்மா அவர்களை வேடிக்கையாகப் பார்ப்பாள். அப்பா அந்தக் கிடங்கில் மேஸ்திரி. நாற்பது ஆட்கள் அவர் கண்ணசைவுக்கு ஓடுவார்கள். குழிக்குள் இறங்கி அழுகல் தோலைக் கையால் புரட்டிப் பார்த்துவிட்டு, அதே கையைக் கழுவிக்கொண்டு வந்து நிம்மதியாகச் சாப்பிடக்கூடியவர். அப்படிப்பட்டவர் ஒரு பழத்தின் வாசனை பொறுக்காமல் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு வேலூரில் ஒரு கடையிலிருந்து தெருவுக்கு ஓடியதை நான் என் கண்ணால் பார்த்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. அன்றைக்கு எனக்கு நேர்ந்த அதிர்ச்சிகளில் அதுதான் ஆகச் சிறியது.

கிடங்கு முதலாளியின் மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பினாங்கில் இரண்டு தலைமுறையாகத் தோல் வியாபாரம் செய்தவர்கள். அவர்கள் வரும் நாளில் தாம்பாளத்தில் அவர்கள் நாட்டுப் பழங்களை வைத்து அசத்திவிட வேண்டும் என்று முதலாளிக்கு ஓர் ஆசை. வேலூரில் புதிதாக ஒரு சீமைப் பழக்கடை வந்திருக்கிறது, மங்குஸ்தான் முதற்கொண்டு கிடைக்கிறது என்று யாரோ சொன்னார்கள். நான் போய் வாங்கி வருகிறேன் என்று அப்பா முந்திக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான், மங்குஸ்தான் உருண்டையா நீளமா என்பதுகூடத் தனக்குத் தெரியாது என்று அவருக்கு உறைத்தது.

"உங்க தங்கச்சி எதுக்கு கீது? பத்து வருசம் பினாங்குல இருந்ததுதானே?" என்றாள் அம்மா.

அப்பா அரை மனசாகத்தான் சரி என்றார். நான் அழுது புரண்டு மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொண்டேன்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. பதினேழு வயதில் கல்யாணமாகி மாமாவோடு கப்பலேறிப் பினாங்குக்குப் போனவள். மாமா அங்கே துறைமுகத்தில் வேலை பார்த்து, சில வருஷங்களில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அதற்குப் பிறகும் அத்தை அங்கேயே இருந்தாள். நான் அவளை முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்கு ஒரு வருஷத்துக்கு முன்பு, ஒரு தகரப் பெட்டியோடு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான். வந்த நாளிலிருந்து அவள் பேசி நான் கேட்டது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். விடியும் முன் எழுந்து தண்ணீர் எடுப்பாள், மாவு இடிப்பாள், எனக்குத் தலை பின்னிவிடுவாள். பின்னி முடித்ததும் பின்னலைத் தன் சாணால் ஒரு தடவை அளந்து பார்ப்பாள். ஏன் என்று கேட்டால் சும்மா என்பாள். புருஷனை நினைத்து ஏங்குகிறாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படியே நம்பினேன்.

காலை ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து ஜட்கா பிடித்தோம். பாலாற்றுப் பாலத்தின் மேல் போகும்போது அப்பா உற்சாகமாக இருந்தார். முதலாளி தன்னை நம்பி ஒப்படைத்த வேலையைப் பற்றி ஜட்காக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அத்தை எதிர்ப்பலகையில் உட்கார்ந்து, ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழக்கடை நான் நினைத்ததுபோல இல்லை. கூடையும் ஈயும் கூச்சலுமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இதுவோ ஒரு நகைக்கடை மாதிரி இருந்தது. ஈர வைக்கோல் பரப்பிய பிரம்புத் தட்டுகளில், ஒவ்வொரு பழமும் மெல்லிய காகிதத்தில் சுற்றி, தூங்க வைத்ததுபோல வைக்கப்பட்டிருந்தது. கடைக்காரர் தடித்த சாயபு. மருதாணி பூசிய தாடி, குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பி. அவரும் ஒரு காலத்தில் பினாங்கில் கடை வைத்திருந்தவராம். கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு பச்சைத் திரை தொங்கியது.

"வாங்க மேஸ்திரி. மங்குஸ்தான் நீலகிரி அடிவாரத்துத் தோட்டத்துலேர்ந்து நேத்து ராத்திரிதான் வந்து எறங்குச்சு. ரம்புத்தான் கப்பல்ல வந்தது, கொஞ்சம் கறுத்துப்போச்சு. பொய் சொல்லி விக்கமாட்டேன்" என்றார்.

ரம்புத்தானைப் பார்த்ததும் நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். உடம்பெல்லாம் மயிர் முளைத்த சிவப்புப் பூச்சி மாதிரி இருந்தது. அப்பா அதைத் தொடாமல், மங்குஸ்தான் தட்டிலிருந்து பெரிது பெரிதாக, பளபளப்பாக இருந்தவற்றைப் பொறுக்கி வைக்கத் தொடங்கினார்.

"அது வேணாண்ணா" என்றது ஒரு குரல்.

அத்தைதான். அவள் முன்னால் வந்து, அப்பா எடுத்து வைத்த பழத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். "ஓடு கல்லாயிடுச்சு. உள்ள மஞ்சப்பால் எறங்கியிருக்கும். கசக்கும்" என்று ஒதுக்கினாள். இன்னொன்றை எடுத்து அழுத்தினாள். அது கொஞ்சம் அமுங்கிக்கொடுத்தது. அதைத் தலைகீழாகத் திருப்பி என்னிடம் காட்டினாள். அடியில் பூவின் அச்சுப் போட்டதுபோலச் சிறிய இதழ்கள். "எண்ணு" என்றாள். ஆறு இருந்தன. இரண்டு கையாலும் ஒரு நெரி நெரித்து ஓட்டைத் திறந்தாள். உள்ளே பஞ்சுபோல வெள்ளையாக ஆறு சுளைகள்.

எனக்கு வாய் பிளந்துவிட்டது. பழத்தின் வித்தையைவிட, அத்தை சேர்ந்தாற்போல அவ்வளவு பேசியதுதான் காரணம்.

கடைக்காரருக்கும் ஆச்சரியம். அவர் எனக்குப் புரியாத பாஷையில் ஏதோ கேட்டார். அத்தை தயங்காமல் அதே பாஷையில் பதில் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டு இன்னொன்று கேட்டார். அவள் இன்னும் வேகமாகச் சொன்னாள். அப்பா பழத்தைக் கையில் வைத்தபடியே இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் கடையின் உள்பக்கத்திலிருந்து யாரோ ஒரு சாக்கை இழுத்துப் போட்டார்கள். அந்த வாடை வந்தது.

தோல் கிடங்கின் வாடையை நான் பாலோடு குடித்து வளர்ந்தவள் என்று சொன்னேன். இது அதில் சேர்த்தியில்லை. வெங்காயம், அழுகிய வெல்லம், அணைந்த விளக்குத் திரி, இன்னும் பெயர் தெரியாத ஏதேதோ ஒன்றாகச் சேர்ந்து மூக்கில் குத்தியது.

"இன்னா பாய் இது, எலி கிலி செத்துக்கீதா?" என்று அப்பா அலறினார்.

"டுரியான் மேஸ்திரி. ஒரு பெரியவர் படுக்கையில கீறாரு. பினாங்குல இருந்தவரு. கண்ண மூடறதுக்குள்ள ஒருவாட்டி தின்னணும்னு கேட்டாரு. ரெண்டே ரெண்டு வரவழைச்சேன்" என்றார் கடைக்காரர்.

அவர் சொல்லி முடிக்கும்போது அப்பா தெருவில் நின்றார். எனக்கும் ஓடத்தான் தோன்றியது. ஆனால் அத்தை என் பக்கத்தில் இல்லை. அவள் உள்ளே போய், சாக்கை விலக்கி, பலாப்பிஞ்சு மாதிரி முள் முள்ளாக இருந்த அந்தப் பழத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு முகர்ந்தாள். முகர்ந்துவிட்டுச் சிரித்தாள். தொண்டையிலிருந்து வந்த பெரிய சிரிப்பு. அத்தைக்குச் சிரிப்பு உண்டு என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது.

ஒன்றை அவளுக்கே தருவதாகக் கடைக்காரர் சொன்னார். இன்னொன்று அந்தப் பெரியவருக்குப் போதும் என்றார். அவர் கத்தியை எடுத்ததும் அத்தை அதை வாங்கி, பழத்தின் அடியில் ஏதோ ஒரு வரியைத் தேடிக் குத்தித் திருகினாள். பழம் வாய் திறந்தது. உள்ளே வெண்ணெய் நிறத்தில் பெரிய பெரிய சுளைகள். அத்தை கடைத் தரையில் குந்தி உட்கார்ந்தாள். முந்தானை விலகியதையும், வாசலில் இரண்டு மூன்று பேர் நின்று பார்ப்பதையும் அவள் கவனிக்கவில்லை. விரலெல்லாம் வழிய வழியத் தின்றாள். எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறவள் அவள்.

எனக்கும் ஒரு விள்ளல் ஊட்டினாள். பயந்துகொண்டே வாங்கினேன். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

மூன்றாவது சுளையைக் கையில் எடுத்தவள் தின்னவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைக்காரர் அந்தப் பாஷையில் மெதுவாக ஏதோ கேட்டார். அவள் சொன்ன பதிலில் 'அனாக்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. 'சத்து' என்றும் காதில் விழுந்தது. அனாக் என்பது இன்னொரு பழம் என்றும், அதில் நல்ல சத்து இருக்கிறது என்றும் நான் முடிவு செய்து, அது எந்தத் தட்டில் இருக்கிறதென்று தேடினேன். பிறகு அத்தை என்னைப் பிடித்து இழுத்துத் திருப்பி, என் பின்னலில் பாதியில் கை வைத்து, இவ்வளவு என்று அவருக்குக் காட்டினாள். அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

அப்பா மூக்கில் கட்டிய துண்டோடு உள்ளே வந்தார். "ரயிலுக்கு நேரமாச்சு. பழத்தக் கட்டுங்க பாய்."

கடைக்காரர் பழத்தைத் தொடவில்லை. "மேஸ்திரி, ஒரு வார்த்த கேக்கறேன். அஞ்சு வயசுப் புள்ளய பினாங்குல வுட்டுட்டு, பெத்தவள மட்டும் வரவழச்சு வூட்ல வச்சினுகீறே. இன்னா ஞாயம் இது?" என்றார். மலாய் பாஷையில் அனாக் என்றால் பிள்ளை, சத்து என்றால் ஒன்று என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

நான் அப்பாவைப் பார்த்தேன். இல்லை என்று சொல்வார், சிரிப்பார், இந்த ஆளுக்குப் பைத்தியம் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

"பழம் வாங்க வந்தோம். எங்க வூட்டுக் கதை உங்களுக்கு எதுக்கு?"

அத்தை தரையிலிருந்து எழுந்திருக்காமலே தமிழில் பேசினாள். கடைக்காரரிடம் அல்ல, அப்பாவிடம்.

"அம்மா சாவக் கெடக்குது, ஒரு மாசம் வந்து பாத்துட்டுப் போன்னு எழுதுனீங்கண்ணா. சின்னப்புள்ளயத் தூக்கினு கப்பல்ல வராத, தனியா வான்னு எழுதுனீங்க. பக்கத்து வூட்டுச் சீனத்திகிட்ட எம்பொண்ண வுட்டுட்டு, ஒரு மாசத்துல வந்துடறேன்னு சொல்லிட்டு வந்தேன். இங்க வந்து பாத்தா, அம்மா செத்து ரெண்டு வருசம் ஆயிடுச்சு."

பாட்டி இறந்தபோது எனக்கு ஆறு வயது. பாடையில் பூப்போட்டது நினைவிருந்தது. அத்தை வந்தது என் எட்டாவது வயதில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒன்பது வயதுக் கணக்கே போதும். ஒருமுறை கொய்யாக்காய் திருடிவிட்டு இல்லை என்று சாதித்ததற்காக, பொய் சொல்கிற வாய்க்குச் சோறு கிடையாது என்று அப்பா என்னைப் பட்டினி போட்டிருக்கிறார். அந்த அப்பா ஒரு கடிதம் முழுக்கப் பொய் எழுதியிருக்கிறார்.

"அது நம்ம வூட்டுப் புள்ள இல்ல" என்றார் அப்பா. குரல் அவருக்கே கேட்காத அளவு தாழ்ந்திருந்தது.

"எம் வயித்துல பொறந்தது."

"எழுந்திரு. வூட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"ஒரு வருசமா பேசலியே. நான் வர்லண்ணா. எம்பொண்ணு வரட்டும், வர்றேன்."

நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். பிசுபிசுவென்று டுரியான் ஒட்டியது. "வா அத்தே, போலாம்" என்று அழுதேன். அவள் என் கன்னத்தைத் தன் புறங்கையால் துடைத்துவிட்டு, "நீ போ கண்ணு" என்றாள். அவ்வளவு பிரியமாகச் சொன்னாள். ஆனால் அவள் கண்கள் என்னைப் பார்க்கவே இல்லை.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ, இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு என்று கேட்டார்கள். அப்பா கையை ஓங்கினார். என் அப்பா ஒரு பெண்பிள்ளையின்மேல் கை ஓங்கி நான் பார்த்தது அது ஒன்றுதான். அதே சமயம் பச்சைத் திரை விலகியது. ஒரு கை மட்டும் வெளியே வந்தது. முழங்கைவரை வளையல் போட்ட, வெளுத்த, சதைப்பற்றான கை. அது அத்தையின் தோளைப் பற்றி, எழுப்பி, திரைக்கு உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டது. கடைக்காரரின் மனைவி. அந்த அம்மாளின் முகத்தை நான் அன்று பார்க்கவில்லை. ஓங்கிய கை ஓங்கியபடியே நிற்க, அப்பா அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியாருக்கு முகம் காட்டாத கோஷா பெண்கள் இருக்கும் இடத்துக்குள் அந்நிய ஆம்பளை யாரும் கால் வைக்க முடியாது.

அத்தை பொறுக்கி வைத்த மங்குஸ்தான்களைக் கடைக்காரர் கூடையில் அடுக்கிக் கொடுத்தார். நாங்கள் இரண்டு பேராகத் திரும்பினோம். ரயிலில் அப்பா என் கையைத் தன் தலைமேல் வைத்து, வீட்டில் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அத்தைக்கு உடம்பு சரியில்லை, வேலூரில் வைத்தியம் நடக்கிறது என்று சொல்ல வேண்டும். சத்தியத்தை மீறினால் அப்பாவின் தலை வெடித்துவிடும் என்று நான் உறுதியாக நம்பினேன்.

மறுநாள் முதலாளி வீட்டுத் தாம்பாளம் அமோகமாக எடுபட்டது. ஒரு பழம்கூடக் கசக்கவில்லையாம். பினாங்கிலேயே இப்படிப் பொறுக்கி எடுக்க ஆளில்லை என்று மாப்பிள்ளையின் தகப்பனார் சொன்னாராம். முதலாளி அப்பாவின் முதுகில் தட்டிக்கொடுத்தார். அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் நான் வாயை இறுக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டாள். பின்னி முடித்து, அளக்காமல் விட்டுவிட்டாள். எனக்கு எங்கிருந்தோ அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, கிடங்கின் திசையில் ஏதாவது வெடிச் சத்தம் கேட்கிறதா என்று காத்திருந்தேன்.

அம்மா சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் எதுவும் தெரியாது. ஒரு வருஷம் ஒரே அடுப்பில் அத்தையோடு சோறு வடித்தவள். அப்பா மத்தியானம் வந்ததும் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பெத்த புள்ளய வுட்டுட்டு வான்னு எழுதனது நீங்களா?" அப்பா என்னைப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

அன்றிலிருந்து அம்மா அவரோடு பேசவில்லை. தட்டு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், துணி துவைத்தாள். வார்த்தை மட்டும் கிடையாது. அப்பா முதலில் கத்தினார். பிறகு கெஞ்சினார். அதற்கும் பிறகு, அத்தை மாதிரியே அவரும் சுவரைப் பார்த்துச் சாப்பிடத் தொடங்கினார். இரண்டு வாரம் தாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு தனியாக வேலூர் போனார். பழக்கடையிலேயே உட்கார்ந்து, கடைக்காரர் சொல்லச் சொல்ல, பிள்ளையை அனுப்பி வைக்கச் சொல்லிப் பினாங்குக்குக் கடிதம் எழுதினார் என்று பிற்பாடு தெரிந்தது. அத்தை திரைக்கு உள்ளேயிருந்து விலாசம் சொன்னாளாம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஐந்து மாதம் கழித்து, கப்பலில் வந்த ஒரு குடும்பத்தோடு அந்தப் பெண் சென்னப்பட்டணத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் வருகிறாள் என்று செய்தி வந்தது. காட்பாடி ஸ்டேஷனுக்கு நாங்கள் எல்லோரும் போனோம். அப்பாவும் வந்தார், அம்மா வரச் சொல்லிவிட்டாள். கடைக்காரரோடு வேலூரிலிருந்து வந்திருந்த அத்தை பிளாட்பாரத்தின் முனையில், வண்டி வரும் திசையைப் பார்த்து நின்றாள். நாங்கள் வந்ததை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

வண்டி நின்றது. அவளைக் கூட்டிவந்த சாயபுவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் இறங்கினாள். பூப்போட்ட கைலி, வெள்ளை ரவிக்கை. அத்தையைப் பார்த்ததும் அவள் ஓடி வரவில்லை. சாயபுவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஒன்றரை வருஷத்தில் அவளுக்கு அம்மாவின் முகம் மறந்திருந்தது. அத்தை அப்படியே மண்டிபோட்டு உட்கார்ந்து, கையை நீட்டாமல், அந்தப் பாஷையில் ஏதோ மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ரயில் கிளம்பிப் போன பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அந்தப் பெண் ஒரு அடி எடுத்து வைத்து, நின்று, இன்னொரு அடி வைத்து, அத்தையின் முந்தானையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். பிறகுதான் அழத் தொடங்கினாள்.

அவள் முகத்தை நான் அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். சந்தன நிறம். தட்டை மூக்கு. கண்கள் மட்டும் இரண்டு கீறல்போல, மிகச் சிறியதாக இருந்தன.

"இன்னா அத்தே, அவ கண்ணு இத்தினிக்குண்டு கீது?" என்று நான் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன்.

அம்மா என் தோளைக் கிள்ளினாள். கடைக்காரர் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டார். அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டித் தண்டவாளத்தைப் பார்த்தார்.

அத்தை மட்டும் சாதாரணமாக, மகளின் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அவங்கப்பா கண்ணு அப்பிடி."

எனக்கு அது பெரிய குழப்பமாகிவிட்டது. எங்கள் கூடத்துச் சுவரில் மாமாவின் போட்டோ ஒன்று மாட்டியிருந்தது. அதில் அவருக்குப் பெரிய, உருண்டை விழிகள். வீடு திரும்பியதும் ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று நெடுநேரம் அதைப் பார்த்தேன். பினாங்கில் போட்டோ பிடிக்கிறவர்கள் சுத்த மோசம், கண்ணைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னைக் கீழே இறக்கிவிட்டாள்.